கால் கட்டை ஏறிய இசைத்தட்டு

என் சகலைக்குக் ‘கால்கட்டை’ என்று பெயர் வைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் வைத்துக்கொண்டு சொன்னால் மழுப்புகிறேன் என்று தோன்றும்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழிலாக இருந்தது. அவர் சுருதி சேர்த்த பியானோ ஒரு இசைத்தட்டில் கால் கட்டை சுருதி ஏறி ஒலித்தது. அந்த ஒரு தட்டோடு அவர் தொழில் போயிற்று. எனக்குக் கல்யாணமான புதிதில், குடும்பம் கூடியிருந்த சாப்பாட்டு மேசையில் சும்மா சிரிப்பு மூட்டுவதற்காக, “கால்கட்டைக்கு இன்னொரு கரண்டி போடுங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. என் பிள்ளைகள் அவரைக் கால்கட்டைப் பெரியப்பா என்று கூப்பிட்டுத்தான் வளர்ந்தார்கள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் குறையை அளந்து சொல்லியே பழகிவிட்டேன் போலிருக்கிறது.

அவருக்கு இப்போது எழுபத்திரண்டு. சுருதி வேலை போனபின் ஒரு தராசுப் பட்டறையில் சேர்ந்தார். கடைகளில் இருந்து வரும் தராசுகளைப் பிரித்துத் துடைத்து, பித்தளை எடைக்கற்களை வைத்துச் சரிபார்த்து, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது வேலை. ஏன் இந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன். “இதுல கண்ணு போதும் சகலை” என்றார். இப்போதும் காலையில் அரைநாள் போய்வருகிறார். அங்கே அவரைக் கேட்டால் தங்கமான மனுஷர் என்பார்கள். ஆனால் எந்தத் தராசையும் அவராக முடித்து அனுப்பமாட்டார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, “சரியா இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் முத்திரை வைப்பார்.

இந்த “சரியா இருக்கா?” அவரோடு வீட்டுக்கும் வரும். வாசலில் மணி அடித்தால் உடனே எழுந்திருக்கமாட்டார். “மணி அடிச்சுதா?” என்று அக்காவைக் கேட்பார். அடிச்சுது என்று அக்கா சொன்ன பிறகுதான் கதவுக்குப் போவார். குழாய் ஒழுகினால், “எனக்கு ஒழுகற மாதிரி கேக்குது, நீங்க பாருங்க” என்பார். வருஷத்துக்கு ஒருமுறை காது டாக்டரிடம் போவார். டாக்டர் ஹெட்போனை மாட்டி, கீச்சென்றும் உம்மென்றும் ஒலி அனுப்பி, “உங்க வயசுல இப்படி ஒரு காதை நான் பார்த்ததே இல்லைங்க” என்று எழுதிக் கொடுப்பார். இவர் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் வேறு டாக்டரைப் பார்ப்பார். இதையும் நான் கிண்டல் செய்திருக்கிறேன். வேறு எதைத்தான் விட்டுவைத்தேன்.

அவருடைய இசைக்கவை சமையலறை சன்னலில் செருகியிருக்கும். தட்டினால் ஒரே ஸ்வரத்தில் ரீங்கரிக்கும் அந்த இரண்டு கால் இரும்புத் துண்டு, சுருதி சேர்ப்பவருக்கு அதுதான் சாமி மாதிரி. அந்தச் சன்னலின் கொக்கி உடைந்து போய், காற்றடித்தால் கதவு படபடவென்று அடித்துக்கொள்ளும். அது அடிக்காமலிருக்க இதைச் செருகி வைத்தார். நாற்பது வருஷமாக அங்கேயே இருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள். இப்போது கணக்கு டீச்சராக இருக்கிறாள். அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் வீடு தேடி வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். “உங்க பொண்ணு சுருதி பிசகாம பாடுறா சார். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி அமையாது. என்கிட்ட விடுங்க, நான் பார்த்துக்கிறேன்” என்றார். சகலை அவளை அங்கேயே பாடச் சொன்னார். குழந்தை சுவரில் சாய்ந்துகொண்டு பாடியது. இவர் முழுப் பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், “வேணாங்க. இதோட நிறுத்திக்கலாம்” என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டார். தனக்குக் கிடைக்காதது மகளுக்கும் வேண்டாம் என்கிறார், மனுஷன் மனசு கசந்துபோய்விட்டது என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். அதற்குப் பிறகு அவள் பாடி நான் கேட்டதில்லை.

இனி அந்த இசைத்தட்டின் கதை. நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், எனக்கு இருபத்தைந்து வயது. கண்ணாடிக் கடை வைப்பதற்கு முன்பு, ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலியைப் பதியும் நாடா இயந்திரத்தை ஓட்டும் வேலை. முதலாளியே பதிவும் செய்வார். இயந்திரம் மட்டும் என் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாஸ் வாசிக்கிற மூன்று பேர் வந்தார்கள். பியானோ, பாஸ், டிரம். உலகத்தில் ஜாஸ்காரர்கள் எல்லோரும் திருப்பித் திருப்பி வாசித்துத் தேய்ந்த பழைய மெட்டுகளில் எட்டை எடுத்துக்கொண்டு, இவர்கள் பங்குக்கு இவர்கள் மாதிரி வாசித்தார்கள். எங்கள் கூடத்துப் பியானோ பிடிக்கவில்லை என்று பியானோக்காரர் வேறொன்றை வாடகைக்கு வரவழைத்திருந்தார். அதற்குச் சுருதி சேர்க்கத்தான் சகலை விடியற்காலையிலேயே வந்து உட்கார்ந்தார். எங்கள் கூடத்துக்கு வாடிக்கையாக வருகிறவர்தான், ஆனால் அப்போது எனக்குச் சகலை இல்லை. இன்னும் சொந்தமாகாத ஒரு மனுஷர், அவ்வளவுதான்.

நாலு மணி நேரம் குனிந்த தலை நிமிரவில்லை. கடைசியில் பியானோக்காரர் உட்கார்ந்து பத்து விரலையும் ஓட்டிவிட்டு, “பியானோ இன்னிக்குப் பேசுதுய்யா” என்றார். ஒவ்வொரு பாட்டையும் பதிந்த உடனே அதே இயந்திரத்தில் ஓட்டிக் கேட்டோம். அற்புதமாக இருந்தது. ஒரே குறை, எங்கேயோ ஒரு கம்பி சரியாக இணையாமல் அடியில் மெல்லிதாக மின்சார உறுமல். அதற்கு முதலாளி என்னைக் காதைப் பிடித்துத் திருகாத குறையாகத் திட்டினார். நாடாவிலிருந்து இசைத்தட்டு வெட்டும்போது அமுக்கிக்கொள்ளலாம் என்று பிறகு விட்டுவிட்டார்.

மூன்று மாதம் கழித்து இசைத்தட்டு வந்தது. அதன் பிறகு ஒரு வாரம்கூட ஆகவில்லை. பியானோக்காரர் தன் வீட்டில் தட்டை ஓடவிட்டுக் கூடவே வாசித்துப் பார்த்திருக்கிறார். சேரவில்லை. தட்டில் இருக்கிற பியானோ கால் கட்டை மேலே நிற்கிறது. இசைப் பள்ளிக்காரர் ஒருவர் பத்திரிகைக்கே எழுதிவிட்டார். முதலாளி சகலையைக் கூப்பிட்டனுப்பினார். நான் பக்கத்தில் நின்றேன். சகலை இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதருகில் வைத்துக்கொண்டு தட்டைக் கேட்டார். மறுபடி தட்டினார். மறுபடி கேட்டார். வாடகைப் பியானோ மறுவாரமே வேறு ஊருக்குப் போய்விட்டதால் அதைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. கவை தப்போ என்று வேறு மூன்று கவைகளோடு ஒட்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே ஸ்வரம்.

“கவை சரியாத்தான் இருக்கு. அப்ப என் காதுதான்” என்றார்.

இந்த ஆள் கைவைத்த பியானோவில் இனி உட்காரமாட்டேன் என்று பியானோக்காரர் நாலு இடத்தில் சொன்னார். அது போதும். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்ட ஒன்றிரண்டு வீடுகளுக்கும் அவர் போகவில்லை.

அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு நல்லது செய்தார். அவர் கொழுந்தியாளை எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன் கூடத்துக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டுவரும் சாக்கில் வந்து போனவள்தான் இன்றைக்கு என் மனைவி. மாமனார் இழுத்தடித்தார். இவர்தான் போய்ப் பேசினார். என்ன சொல்லிப் பேசினார் என்று என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள். “மாமா, தினம் காலைல வந்ததும் மெஷினைப் பிரிச்சுத் துடைச்சு வைக்கிற ஆளு. அதையே அப்படிப் பார்த்துக்கிறவரு உங்க பொண்ணை நல்லாப் பார்த்துக்கமாட்டாரா?”

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கடைக்கு ஒரு பார்சல் வந்தது. அட்டையில் என் பெயர். ஒரு வங்கிக்காரர் கண் சோதனைக்கு உட்கார்ந்திருந்தார். சோதனைக் கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டி, சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிட்டுப் பார்சலைப் பிரித்தேன். உள்ளே அதே இசைத்தட்டு. அதே அட்டைப்படம், ஆனால் புத்தம் புதுசு. ஏதோ ஒரு கம்பெனி மூல நாடாவைத் தேடியெடுத்து மறுபடி அச்சிட்டிருக்கிறது. பதிவில் வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று அனுப்பியிருக்கிறார்கள். பழைய அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘நாடா இயந்திரம்’ என்று போட்டு என் பெயரும் இருந்தது. அதைப் பிடித்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு ஒரே பெருமை. கூடவே எட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம். அதைப் பிரித்து நின்றபடியே படித்தேன்.

பழைய தட்டில் பியானோ கால் கட்டை உயர்ந்து ஒலித்ததை எல்லோரும் சுருதிப் பிழை என்றே நினைத்திருந்தார்கள், அது உண்மையில்லை என்று எழுதியிருந்தது. மூல நாடாவில் அடியில் ஒரு மின்சார உறுமல் இருக்கிறது. மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவைதான் உறுமும், கூடாது, குறையாது. நாடாவில் அது ஐம்பத்தொன்றாகக் கேட்கிறது. அப்படியென்றால் பதிந்த நாளில் இயந்திரம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததை வேறு இயந்திரத்தில் சரியான வேகத்தில் ஓட்டியதால் உறுமல், பியானோ, பாஸ் எல்லாமே ஒரேயடியாக மேலே ஏறிவிட்டன. உறுமலை ஐம்பதுக்கு இறக்கியதும் பியானோ இம்மியும் பிசகாத சுருதியில் வந்து நின்றது. இயந்திரம் மெதுவானதற்குக் காரணம் தெரியவில்லை. அன்று பியானோவுக்குச் சுருதி சேர்த்தவர் யார் என்றும் எந்தக் காகிதத்திலும் இல்லை. யாராக இருந்தாலும் அவருக்கு எங்கள் வணக்கம் என்று முடித்திருந்தார்கள்.

காரணம் தெரியவில்லை என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது.

நாடா இயந்திரத்தில் நாடாவை இழுப்பதற்கு ஒரு சுழல்தண்டு உண்டு. அதன்மேல் விரல் பருமனுக்கு ஒரு உலோகக் குழல் மாட்டியிருக்கும். தினமும் காலையில் அந்தக் குழலைக் கழற்றி, ஸ்பிரிட்டில் துடைத்து, திரும்ப மாட்டுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை துடைக்கும்போது கை நழுவி அது கீழே விழுந்து உருண்டு, நாடாக்கள் அடுக்கிய இரும்பு அலமாரிக்கு அடியில் போய்விட்டது. அலமாரியை நகர்த்த நாலு பேர் வேண்டும். வாசிப்பவர்கள் வந்துவிட்டார்கள். முதலாளி கண்ணில் பட்டால் தொலைந்தேன். மேசை இழுப்பறையில் ஒரு பழைய, ஓடாத இயந்திரத்தின் குழல் கிடந்தது. பார்க்க ஒரே மாதிரி. மாட்டினேன், பொருந்தியது, ஓடியது. மறுநாள் காலையில் ஒட்டடைக் கம்பை விட்டு அலமாரிக்கு அடியில் துழாவி, சரியான குழலை எடுத்து மாட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பழைய குழல் கொஞ்சம் ஒல்லி. ஒரு இரண்டு தலைமுடி கனம் ஒல்லியாக இருந்திருக்கும். தண்டு ஒல்லியானால் நாடா மெதுவாகத்தான் நகரும். அன்று அதே குழலில் பதிந்து அதே குழலில் கேட்டோம், அதனால் யாருக்கும் தெரியவில்லை. என்றைக்காவது உட்கார்ந்து யோசித்திருந்தால் எனக்கே விளங்கியிருக்கும். நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை, பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

“கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டேன் சார். திரும்ப மேல இருந்து படிக்கவா?” என்று வங்கிக்காரர் கேட்டார். அவர் எவ்வளவு நேரமாகப் படித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு வாங்க என்று அவரை அனுப்பினேன். சோதனைக் கண்ணாடியை மூக்கிலேயே மாட்டிக்கொண்டு போனவர் தெருமுனையில் இருந்து திரும்பி வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் வீட்டில் என் மனைவியிடம் புத்தகத்தைக் காட்டினேன். படிக்கப் படிக்க அவள் கை சாப்பாட்டுத் தட்டிலேயே நின்றுவிட்டது.

“அப்ப மாமா தப்பே பண்ணலையா?” என்றாள்.

“பண்ணலை.”

“நாப்பது வருஷம்ங்க.” புத்தகத்தை மறுபடி புரட்டி, “மெஷின் ஏன் மெதுவா ஓடுச்சாம்?” என்று கேட்டாள்.

“தெரியலையாம்” என்றேன்.

புத்தகத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், அவர் தப்பில்லை என்று அச்சிலேயே இருக்கிறது, மெஷின் மெதுவானதற்கு மெஷினே பொறுப்பு என்று உள்ளே ஒரு குரல் ரொம்ப நியாயமாகப் பேசியது. குழல் விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். முதலாளி போய்ச் சேர்ந்து இருபது வருஷமாகிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் சகலைக்கு நல்ல பெயரும் கிடைக்கும், எனக்குக் கெட்ட பெயரும் வராது. இப்படி நினைத்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பையன் வாங்கி வைத்திருந்த, மூடினால் பெட்டி போலிருக்கும் தட்டு ஓட்டும் கருவியை ஒரு கையிலும் தட்டை மறு கையிலும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நாலு தெரு தள்ளித்தான் அவர் வீடு.

மணி அடித்தேன். உள்ளே “மணி அடிச்சுதா?” என்று அவர் கேட்பது எனக்குக் கேட்டது. அடிச்சுது என்றார் அக்கா. இத்தனை வருஷம் வாசலில் நின்று இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அன்று சிரிக்க முடியவில்லை.

“வாங்க சகலை, என்ன இந்த நேரத்துல? கடை?” என்றார்.

புத்தகத்தை நீட்டினேன். நான் செய்துகொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்து படித்தார். ஒருமுறை படித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி படித்தார். அக்கா எனக்கும் அவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தார். சகலை புத்தகத்தை அக்காவிடம் கொடுத்து, “இதுல போட்டிருக்கறது நான் படிச்சது தானான்னு பாரு” என்றார். அக்கா படித்துவிட்டு, “அதேதாங்க” என்றார்.

தட்டைக் கருவியில் வைத்தேன். முள்ளை எடுக்கப் போனபோது சகலை கையைப் பிடித்தார்.

“இருங்க. இந்தப் பெட்டி சரியா ஓடுதான்னு யாருக்குத் தெரியும்?”

ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றேகால் சொச்சம், மூன்று நிமிஷத்துக்குச் சரியாக நூறு சுற்று சுற்றவேண்டும் என்றார். முள் இல்லாமல் தட்டு சும்மா சுற்றியது. காகிதம் அவரைக் கடக்கும்போதெல்லாம் அவர் விரல் தொடையில் ஒருமுறை தட்டியது. மூன்று நிமிஷம். நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் ஒரு காகிதத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நூறு” என்றார். “நீ எண்ணினியா?”

“நூறுதான்” என்றார் அக்கா.

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். சன்னலில் இருந்து இசைக்கவையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். உள்ளே சன்னல் கதவு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. யாரும் போய்ச் சாத்தவில்லை.

“மூணாவது பாட்டு போடுங்க. அது முடியற இடத்துல பியானோ இதே ஸ்வரத்துல தனியா நிக்கும்.”

நாற்பத்தொரு வருஷமாக அந்த இடம் அவருக்கு நினைவிருக்கிறது. போட்டேன். மெதுவான பாட்டு. டிரம்காரர் தட்டு மேல் துடைப்பம் போல் எதையோ வைத்துத் தேய்க்கிறார், பாஸ் நிதானமாக நடக்கிறது, பியானோக்காரர் அவசரமே இல்லாமல் ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுப் போகிறார். கடைசியில் மற்ற இருவரும் நின்றுவிட, அந்த ஒற்றை ஸ்வரம் மட்டும் நின்றது. சகலை கவையை முழங்காலில் தட்டி அதன் காம்பை மேசைப் பலகையில் ஊன்றினார். மேசை ரீங்கரித்தது. இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. எது கவை, எது பியானோ என்று என் மரமண்டைக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அவர் கவையை மேசையிலிருந்து எடுக்கவே இல்லை. பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்து, அதுவும் பாதி போய்விட்டது. நான் முள்ளைத் தூக்கினேன்.

“மெஷின் ஏன் மெதுவா ஓடுச்சு சகலை?” என்று கேட்டார். என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. மெஷின்காரனாயிற்றே, தெரிந்திருக்கும் என்று கேட்டார்.

தெரியலையாம் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் கவையை இன்னும் மேசையில் ஊன்றியே வைத்திருந்தார்.

“நான்தான் சகலை” என்றேன். குழல் உருண்டதைச் சொன்னேன். இழுப்பறைக் குழலைச் சொன்னேன். மறுநாள் ஒட்டடைக் கம்பால் எடுத்ததைச் சொன்னேன். உங்களைக் கூப்பிட்டு முதலாளி கேட்டபோது பக்கத்தில் நின்றும் எனக்கு உறைக்கவில்லை என்று சொன்னேன். உறைக்கவில்லை என்பது சத்தியம், ஆனால் சொல்லும்போது எனக்கே அது பொய்யாகத்தான் கேட்டது.

அக்கா என் முன்னால் வைத்த டீயை எடுத்தார். நான் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். தொட்டியில் கொட்டும் சத்தம் கேட்டது.

“எவ்வளவு ஒல்லி இருக்கும் அந்தக் குழல்?” என்றார் சகலை.

“ரெண்டு தலைமுடி கனம்.”

அவர் தலையை ஆட்டினார். கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. கத்துவார், அடிப்பார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு முகம் மெல்ல மாறியது. அந்த மாதிரி ஒரு முகத்தை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. எதிரே இருக்கிற எதையோ பார்த்துப் பயந்துவிட்டவர் போலிருந்தார்.

“பாப்பா” என்றார்.

“என்ன சகலை?”

“அன்னிக்கு டீச்சர் வந்தப்ப பாப்பா பாடுனா இல்ல? நீங்க இருந்தீங்களே. ஒரு இடத்துலகூட விலகல. எனக்குச் சரின்னு கேட்டுச்சு. அதான் நிறுத்தினேன்.”

எனக்குப் புரியவில்லை.

“தட்டுல இருந்த பியானோவும் எனக்கு அப்படித்தான சரின்னு கேட்டுச்சு, நான் சேர்க்கறப்ப? எது எனக்குச் சரியாக் கேக்குதோ அது தப்புன்னு எடுத்துக்கிட்டேன். என் காதுக்கே இவ்வளவு சரியா இருந்தா, ஊரு காதுக்கு எவ்வளவு தப்பா இருக்கும்னு பயந்துட்டேன். டீச்சர் ஏதோ மரியாதைக்குச் சொல்றாங்கன்னு நினைச்சேன். நாலு பேரு முன்னாடி நின்னு அவளும் என்ன மாதிரி ஆகிடக் கூடாதுன்னுதான்…”

சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தார். இந்தக் காரணம் அவருக்கும் அன்றுதான் தெரிந்தது. “முப்பத்து நாலு வருஷமா அவ என்னைக் கேட்டுட்டு இருக்கா, அப்பாவுக்கு நான் பாடுனது ஏன் பிடிக்கலைன்னு” என்றார் அவரைப் பார்த்து. “எனக்கு என்ன தெரியும், அப்பா குணமே அப்படின்னு சொல்லிட்டு இருந்தேன்.”

அவர் தொழில் போனதற்கு மட்டும்தான் நான் காரணம் என்று நினைத்திருந்தேன். இதைக் கேட்கத் தயாராகி வரவில்லை.

சகலை மேசைமேல் இருந்த போனில் மகள் எண்ணை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். “நீங்க சொல்லுங்க. நான் சொன்னா, அப்பா பாவம், வயசாச்சு, ஏதோ சொல்றாருன்னு எடுத்துப்பா.”

அடித்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தேன். பள்ளிக்கூடத்து இரைச்சல் கேட்டது.

“சொல்லுங்க சித்தப்பா. அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?”

“அப்பா நல்லா இருக்காருமா. ஒரு அஞ்சு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு.”

குழலில் இருந்து ஆரம்பித்தேன். அதை அன்று இரண்டாவது தடவை சொன்னேன், எளிதாக இல்லை. தட்டைச் சொன்னேன், உறுமலைச் சொன்னேன், காகிதத் துண்டு நூறு சுற்றியதைச் சொன்னேன். அவள் அப்பா எதற்காக அன்று அவள் பாட்டை நிறுத்தினார் என்பதைக் கடைசியில் சொன்னேன். கால்கட்டை என்று பெயர் வைத்ததும் நான்தான் என்றேன். அது தெரியும் சித்தப்பா என்றாள். லைன் போய்விட்டதோ என்று அக்கா குனிந்து பார்த்தார்.

“அப்ப நான் சரியாத்தான் பாடினேனா?” என்று கேட்டாள். நாற்பத்து மூன்று வயசுப் பெண், அரைப் பள்ளிக்கூடத்தையே அதட்டி உட்கார வைக்கிறவள், சுவரில் சாய்ந்து நின்ற அதே குழந்தையின் குரலில் கேட்டாள்.

எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தகுதியில்லை. சகலையைப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

“சரியாத்தாம்மா இருந்துச்சு” என்றார்.

அந்தப் பக்கம் வகுப்புக்கு மணி அடித்தது. அவள் போனை வைக்கவில்லை.